கதையில் ரகசியம் நழுவுவது எப்படி? எழுதுகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பிளஸ் ஒன் படிக்கும்போது டியூஷன் என்று சொல்லிவிட்டு மேட்னி ஷோவுக்குப் போனேன். தெரிந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை, டிக்கெட்டைக் கிழித்துப் போட்டாயிற்று, வீட்டுக்குள் நுழையும்போது கையில் பிசிக்ஸ் நோட்டும் இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், "அந்தப் படம் வேண்டாம், கடைசியில தம்பிக்காரன் செத்துடுறானாம், ஒரே அழுகை" என்றார். நான் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "சாக மாட்டான்ப்பா, ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சிடுவான்" என்றேன். அடுப்பில் அடுத்த தோசை வேகும் சத்தம் மட்டும் கேட்டது.

யாரும் என்னை மிரட்டவில்லை, கேள்விகூடக் கேட்கவில்லை. தப்பான தகவல் ஒன்று காதில் விழுந்தது, அதைத் திருத்தியாக வேண்டும் என்ற அரிப்பு வந்தது, மதியத்திலிருந்து காவல் நின்றவன் ஒரு விநாடி காவலை விட்டுவிட்டுத் திருத்தப் போய்விட்டான். கதையில் ஒரு பாத்திரம் தன் ரகசியத்தைத் தானே நழுவ விடும் காட்சியை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோசைதான் ஞாபகம் வரும். நான் படிக்கிற கதைகளில், என் பழைய கதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இந்தக் காட்சி பெரும்பாலும் ஒரே மாதிரி சொதப்புகிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் ரகசியம் வெளியே வந்தாக வேண்டும் என்ற தேவை எழுதுகிறவருக்கு இருக்கிறது, அதனால் பதினொரு பக்கம் கெட்டிக்காரனாக இருந்தவன் பன்னிரண்டாம் பக்கத்தில் திடீரென்று முட்டாளாகிவிடுகிறான். வாசகர் அதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்.

சொதப்பாமல் செய்ய எனக்குத் தெரிந்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். பேச்சுக்கு ஒரு கதையை வைத்துக்கொள்வோம். செந்தில் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். வேலை போய்விட்டது. திரும்பி வந்து மூன்று மாதமாகத் திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மேன்ஷன் அறையில் நண்பனோடு ஒண்டிக்கொண்டிருக்கிறான். அம்மா பாக்கியம் மணப்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். தங்கச்சி கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பதை நம்பித்தான் மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டினார்கள். அதனால் செந்தில் இன்னும் துபாயில் இருப்பது போலவே தினமும் வீட்டுக்குப் பேசுகிறான்.

படி 1: யாருக்கு என்ன தெரியும்? கணக்கு எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள். ரகசியம் தெரிந்தவர், சந்தேகப்படுகிறவர், தெரியவே கூடாதவர், கடைசியாகத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பவர். முதல் மூன்றையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள், கதையைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் நான்காவது பத்திதான், அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இந்த ஆளுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். பாக்கியத்துக்குத் தெரிந்தால் அழுவாள் என்று எழுதினால் போதாது. பாக்கியம் மாட்டை விற்பாள், தன் அண்ணன் காலில் விழுந்து கடன் கேட்பாள் என்று எழுத வேண்டும். வெளியே வந்தால் எதுவும் உடையாது என்றால் அது ரகசியமே இல்லை, வெறும் செய்தி. செய்தி நழுவினால் யாரும் பக்கத்தைத் திருப்ப மாட்டார்கள்.

படி 2: ரகசியத்தை உடைத்துத் தூளாக்குங்கள்

"எனக்கு வேலை போயிடுச்சு" என்ற வாக்கியத்தை யாரும் வாய்தவறிச் சொல்வதில்லை. முழு ரகசியத்தையும் மனசு நன்றாகக் காவல் காக்கும். நழுவுவது அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தூள், அதாவது ரகசியம் உண்மையாக இருந்தால் மட்டுமே அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கக்கூடிய சின்னச் சின்ன விஷயங்கள்.

செந்தில் கதையில் அந்தத் தூளைக் கொட்டிப் பார்ப்போம். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், அம்மா "அங்க மணி என்னப்பா" என்று கேட்டால் அவன் மனசுக்குள் கழித்துச் சொல்ல வேண்டும், தூக்கக் கலக்கத்தில் கழிக்க மறப்பான். அங்கே வாட்ஸப்பில் மெசேஜ் போகும், கால் போகாது என்பதால் அமீரகத்திலிருந்து பேசுகிறவர்கள் பல வருடமாகப் போட்டிம் மாதிரி செயலிக்குப் பழகியவர்கள், ஒருநாள் கைதவறி வாட்ஸப் கால் போட்டுவிடலாம். தெருவில் கோலமாவு விற்கிறவரின் குரல் கேட்கலாம். ஆடி மாதத்துக் கோயில் ஸ்பீக்கர் கேட்கலாம். தக்காளி விலை அவனுக்குத் தெரிந்திருக்கலாம். கரண்ட் போகலாம்.

இப்படி இருபது எழுதுங்கள். எழுதிவிட்டு முதல் ஐந்தைத் தூக்கிப் போடுங்கள், உங்களுக்கு முதலில் தோன்றியது வாசகருக்கும் முதலில் தோன்றும். கோலமாவுக் குரல் அப்படிப்பட்டது. யோசிக்க அழகாக இருக்கும், ஆனால் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள், அதோடு அது செந்தில் செய்த தவறும் இல்லை. வெளியிலிருந்து வந்து விழுவதைவிட அவன் வாயிலிருந்தே வருவதற்குத்தான் கனம்.

துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு இதையே போலீஸ் வேலையிலிருந்து சொல்லலாம். விசாரிப்பவர்கள் சம்பவ இடத்தின் ஒரு விவரத்தை வெளியே விடாமல் வைத்துக்கொள்வது உண்டு, அது யாருடைய வாயில் வருகிறது என்று பார்ப்பதற்காக. ஆனால் தயவுசெய்து "கத்தியால குத்தினதுன்னு நான் சொல்லவே இல்லையே" என்று இன்ஸ்பெக்டரைச் சிரிக்க வைக்காதீர்கள், அந்த வசனம் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. அது மட்டுமில்லை, இன்ஸ்பெக்டர் அவ்வளவு சந்தோஷப்படவும் முடியாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க முடியாது. 1872ஆம் வருட இந்திய சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27ஆம் பிரிவுகளில் இருந்த இந்த விஷயம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆம் பிரிவில் இருக்கிறது. காவலில் இருப்பவன் சொன்னதை வைத்துப் போய் ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்பைத் தொட்ட பகுதி மட்டும் செல்லும். உங்கள் கொலைகாரன் "நான்தான் வெட்டினேன்" என்று கத்துவதைவிட "கிணத்து மேட்டுல இன்னும் ஈரம் காஞ்சிருக்காதே" என்று முணுமுணுப்பது இன்ஸ்பெக்டருக்கு அதிகம் பயன்படும், கதைக்கும்தான்.

படி 3: பாத்திரத்துக்கு வேறு வேலை கொடுங்கள்

இதை மட்டும் செய்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ரகசியம் நழுவும் காட்சி ரகசியத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் பாத்திரம் வேறு ஏதோ ஒன்றை உயிரைக் கொடுத்துச் செய்துகொண்டிருக்க வேண்டும். ஆறுதல் சொல்வது, சண்டையில் ஜெயிப்பது, பெருமையடிப்பது, தப்பைத் திருத்துவது, குழந்தையைத் தூங்க வைப்பது, பேரம் பேசுவது, எதுவாகவும் இருக்கலாம். கவனம் முழுக்க அங்கே போயிருக்கும்போது ரகசியம் இடுக்கு வழியாக வெளியே வரும்.

இதற்கு இன்றுவரை மிஞ்ச முடியாத உதாரணம் பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளீஸின் ஈடிபஸ் நாடகத்தில் வரும் கொரிந்து நாட்டுத் தூதன்தான். தன் தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற குறி சொல்லுக்குப் பயந்து ஈடிபஸ் கொரிந்தை விட்டு ஓடி வந்தவன். தூதன் வந்து கொரிந்து மன்னர் இறந்துவிட்டார் என்கிறான். அப்பா இயற்கையாகச் செத்தார், நான் கொல்லவில்லை என்று ஈடிபஸுக்கு நிம்மதி, ஆனாலும் அம்மா இன்னும் இருக்கிறாளே என்று பயப்படுகிறான். தூதன் நல்லவன், கொஞ்சம் சன்மானம் கிடைக்கும் என்ற நினைப்பும் உண்டு, பயத்தைப் போக்கத்தான் வாயைத் திறக்கிறான்: அவர்கள் உன்னைப் பெற்றவர்களே இல்லை, குழந்தையாக இருந்த உன்னை மன்னரிடம் கொடுத்தவனே நான்தான். பெற்ற தந்தையை யாரென்று தெரியாமல் கொன்றதும் தாயை மணந்ததும் முன்பே நடந்து முடிந்திருக்கிறது, அது வெளியே வர இந்த ஒரு பேச்சு போதும். ஆறுதல் சொல்ல வந்தவன் அரண்மனையையே இடித்துவிட்டான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கவிதையியல் எழுதிய அரிஸ்டாட்டில், நிலைமை தலைகீழாகப் புரள்வது என்றால் என்ன என்று காட்ட எடுத்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். தூதன் முட்டாள் இல்லை, கவனக்குறைவும் இல்லை. அவனுடைய அன்பும் ஆசையும்தான் அவனைப் பேச வைத்தன.

வாய்தவறுதல் என்றதும் மனோதத்துவ அறிஞர் ஃப்ராய்டைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் வந்து உள்மனசைக் காட்டிக்கொடுக்கும் என்று 1901இல் அவர் எழுதியது பிரபலம், கூட்டத்தைத் தொடங்கி வைக்க எழுந்த ஆஸ்திரிய நாடாளுமன்றத் தலைவர் கூட்டம் முடிந்தது என்று அறிவித்த கதையும் அதில் வரும். ஆனால் அவருக்கு முன்பே, 1895இல், மெரிங்கர், மேயர் என்ற இருவர் வாய்தவறல்களை மூட்டை மூட்டையாகச் சேகரித்துப் புத்தகம் போட்டார்கள், அவர்கள் கண்ணில் அதிகம் பட்டது ஒலிகளும் சொற்களும் இடம் மாறி விழுவதுதான். நிஜ வாழ்க்கையில் நாமும் "சாவியை எடுத்து மேசையைப் பூட்டு" என்பதற்குப் பதில் "மேசையை எடுத்துச் சாவியைப் பூட்டு" என்றுதான் உளறுகிறோம், அதில் எந்த ரகசியமும் இல்லை. அதனால் மனைவியைக் காதலியின் பெயர் சொல்லிக் கூப்பிடும் காட்சியை நான் எழுத மாட்டேன். நடக்காது என்று சொல்லவில்லை, எழுத்தில் வரும்போது வாசகருக்கு எழுதியவரின் கை தெரிந்துவிடுகிறது.

படி 4: எந்த வழியாக நழுவ வேண்டும்?

நாக்கு, உடம்பு, பொருள், போன் என்று வழிகள் உண்டு. போனை முதலில் முடித்துவிடுகிறேன். தப்பான குரூப்பில் போய் விழும் மெசேஜ், கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தார் என்ற வரி, பணம் அனுப்பும்போது திரையில் வரும் உண்மைப் பெயர், இவையெல்லாம் வேலை செய்யும், ஆனால் ஒரு கதைக்கு ஒன்றுக்கு மேல் வைத்தால் மெக்கானிக் ஷாப் மாதிரி ஆகிவிடும். பொருளும் கிட்டத்தட்ட அப்படித்தான், சட்டைப் பையில் அடகுக்கடை ரசீது கிடைப்பது எத்தனை தடவை.

உடம்பு வேறு ரகம். கர்ணன் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் எழுதுகிறவர் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். பிராமணன் என்று பொய் சொல்லிப் பரசுராமரிடம் வித்தை கற்கிறான். குரு மடியில் தலை வைத்துத் தூங்குகிறார். வண்டு தொடையைத் துளைக்கிறது. குருவின் தூக்கம் கலையக் கூடாது என்று அசையாமல் இருக்கிறான், ரத்தம் வழிந்து அவர் மேல் படுகிறது, விழித்தவர், இவ்வளவு வலியைப் பிராமணன் தாங்க மாட்டான், நீ யார் என்கிறார். கத்தியிருந்தால் தப்பித்திருப்பான். நல்ல சீடனாக இருக்கப் பட்ட பாடுதான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. படி 3இல் சொன்ன அதே விஷயம், ஒரு வார்த்தைகூட இல்லாமல். அதே பாரதத்தில் அரங்கேற்றக் களத்தில் கர்ணனைப் பார்த்ததும் குந்தி மயங்கி விழுகிறாள், ரகசியம் ஒரு கணம் வெளியே வந்து நிற்கிறது, ஆனால் கூட்டத்தில் யாரும் அதைப் படிக்கவில்லை. நழுவுவதும் பிடிபடுவதும் தனித்தனிச் சம்பவங்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

சரி, நாக்குக்கு வருவோம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு நம் இலக்கணமே பெரிய சொத்து, இதை ஏன் அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். ரகசியம் ஒரு விகுதியில் நழுவலாம்.

ஒரு வீட்டில் நேற்று ராத்திரி நடந்ததை ஒருத்தி சொல்கிறாள், தான் ஊரிலேயே இல்லை என்று எல்லோரையும் நம்ப வைத்திருப்பவள்: "மாமா பத்து மணிக்கு வந்தாராம், கதவைத் தட்டினாராம், ரொம்ப நேரம் வாசல்லயே நின்னுட்டு அப்புறம் போனார்." முதல் இரண்டும் 'ஆம்', கேள்விப்பட்டது. மூன்றாவதில் ஆம் இல்லை. அவள் உள்ளே இருந்திருக்கிறாள், விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் இடுக்கில் பார்த்திருக்கிறாள். பத்தில் ஏழு வாசகர்கள் தாண்டிப் போவார்கள், இரண்டாவது முறை படிக்கும்போது முதுகு சில்லிடும்.

அடுத்தது நாங்களும் நாமும். தனியாக மூணாறு போய் வந்ததாகச் சொன்னவன் ஆறு மாதம் கழித்து ஆபீஸ் கேன்டீனில், "நாங்க போனப்போ இவ்வளவு குளிர் இல்ல" என்கிறான். ஒப்பந்தக்காரரைத் தெரியவே தெரியாது என்று சாதிக்கும் அதிகாரி, மேலதிகாரி முன்னால் அவரிடம் "நம்ம டெண்டர்" என்கிறார். அந்த 'நம்ம'வுக்குள் எத்தனை லட்சம் இருக்கிறது என்று மேலதிகாரிக்குத் தெரியும்.

மரியாதை விகுதியும் அப்படித்தான். ஆபீஸில் அறிமுகம் இல்லாதவர்கள் போல நடிக்கும் இருவரில் ஒருத்தி அவசரத்தில் "அந்த ஃபைலைக் கொடு" என்றால் முடிந்தது கதை. எதிர்த்திசையிலும் வரும், பக்கத்து வீட்டுக்காரனைப் பத்து வருடமாக "அவன்" என்று திட்டியவர் ஒருநாள் "அவர்" என்கிறார், எதற்காக என்று மனைவி யோசிக்கிறாள், ஏதோ வாங்கியிருக்கிறார். வருவதும் போவதும் இன்னொன்று. மதுரைப் பக்கமே போனதில்லை என்று சொன்னவன், சென்னையில் உட்கார்ந்துகொண்டு "அவர் மதுரைக்கு வந்தப்போ" என்றால், அப்போது மதுரையில் இருந்தவன் அவன். "போனப்போ" என்றிருந்தால் தப்பித்திருப்பான். வட்டார வழக்கைச் சொல்லவே வேண்டாம், யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்காரராக எவ்வளவு நன்றாக நடித்தாலும் கோபம் தலைக்கேறும்போது "என்னோட கதைக்காத" என்றுவிடுவார். காணாமல் போனவரைப் பற்றி இறந்த காலத்தில் பேசும் உத்தி மட்டும் வேண்டாம், குற்றக் கதைக்காரர்கள் அதைப் பிழிந்து காயப் போட்டுவிட்டார்கள்.

படி 5: முன்பே விதையுங்கள், ஆனால் வேறு காட்சியில்

செந்திலுக்கு நான் கரண்ட்டை எடுத்துக்கொள்கிறேன். அது வேலை செய்ய இரண்டு விஷயம் வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அந்த மேன்ஷனில் கரண்ட் போகும். இரண்டாம் பக்கத்தில் நண்பன் அரைகுறையாகத் தேய்த்த சட்டையோடு இன்டர்வியூவுக்கு ஓடுகிறான், அயர்ன் பாக்ஸ் பாதியில் செத்துவிட்டது, போதும். இரண்டாவது, துபாயில் கரண்ட் போகாது என்று பாக்கியத்துக்குத் தெரியும். இதைச் செந்தில் சொல்லிக் கேட்டதாக வைக்காமல் அவளே பெருமையடிப்பதாக வையுங்கள். சம்பந்தி வீட்டம்மா கை விசிறியால் விசிறிக்கொண்டே "மணப்பாறையில எப்பவும் இப்படித்தானா" என்று கேட்க, பாக்கியம், "எங்க செந்தில் இருக்கிற ஊர்ல ஒரு நிமிஷம்கூட கரண்ட் போகாதாம்" என்கிறாள். அந்தக் காட்சி கல்யாணப் பேச்சு பற்றியது, வாசகர் பாக்கியத்தின் பெருமையைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்து போவார். விதை என்று தெரிந்தால் அது விதை இல்லை.

இரண்டு விதைக்கும் நழுவும் இடத்துக்கும் நடுவே போதிய தூரம் விடுங்கள். சிறுகதை என்றால் மூன்று நான்கு பக்கமாவது.

படி 6: நழுவும் வரியை எழுதுங்கள்

என் முதல் வரைவு இப்படி இருந்தது, சிரிக்காதீர்கள்:

"ச்சே, இந்தத் திருச்சியில எப்பப் பார்த்தாலும் கரண்ட் போகுது!" என்று கத்தியவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "என்னப்பா... திருச்சியா?" பாக்கியத்தின் கையிலிருந்து போன் நழுவி விழுந்தது.

மூன்று மாதம் ஒளித்து வைத்தவன் ஊர்ப் பெயரையே சொல்வானா? நாக்கைக் கடித்துக்கொள்வது எழுத்தாளர் வாசகரின் முழங்கையை இடித்து "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கேட்பது. போன் விழுவதைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருக்கிறது. இப்போது அவனுக்கு ஒரு வேலை கொடுத்து மறுபடி எழுதுகிறேன். மண்டபத்துக்குப் பணம் கட்ட அம்மா மாட்டை விற்கப் பார்க்கிறாள், அவன் தடுக்கிறான்.

"மாட்டை மட்டும் குடுத்துடாதம்மா. ஒரு மாசம் பொறு. சம்பளம் வந்ததும் மொத்தமாக் கட்டிடலாம்."

"மண்டபத்துக்காரர் நாளைக்கே இருபதாயிரம் வேணும்கிறார்ப்பா."

"நான் பேசுறேன் அவர்கிட்ட. நம்பர் சொல்லு, எழுதிக்கிறேன். இரும்மா, கரண்ட் போயிடுச்சு, பேனா எங்க வெச்சேன்னு தெரியல. ம், சொல்லு."

பாக்கியம் சொல்லவில்லை. அவள் தலைக்கு மேல் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மாடு ஒருமுறை தலையை ஆட்டியது, கழுத்து மணி கேட்டது.

"மெழுகுவத்தி இருக்காப்பா?"

"இருக்கும்மா. நீ நம்பரைச் சொல்லு."

அவனுக்குத் தான் உளறியது தெரியாது. அவன் மாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். ஆச்சரியக்குறி இல்லை, புள்ளி புள்ளியாகத் தயக்கம் இல்லை, நழுவிய வார்த்தை வாக்கியத்தின் நடுவே மற்ற வார்த்தைகளோடு சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் வைத்தால் மேடையேற்றிய மாதிரி ஆகிவிடும்.

படி 7: கேட்பவரை எழுதுங்கள்

என்னைக் கேட்டால் இந்தக் காட்சியின் நாயகி பாக்கியம்தான். ரகசியம் வெளிப்படுவது சொன்னவன் நாக்கில் இல்லை, கேட்டவள் மண்டையில். அவள் உடனே பிடிக்கலாம், ராத்திரி பாத்திரம் கழுவும்போது பிடிக்கலாம், தப்பாகவும் பிடிக்கலாம். தப்பாகப் பிடிப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். உதாரணத்துக்கு, பத்து வருடத்துக்கு முன் சார்ஜாவிலிருந்து திரும்பிய ஒரு மாமாவைக் கதைக்குள் விடுங்கள். செந்தில் "ஞாயித்துக்கிழமை லீவும்மா" என்கிறான். மாமா காலத்தில் வெள்ளி, சனிதான் விடுமுறை, அதனால் இவன் புளுகுகிறான் என்று மாமா முடிவுகட்டுகிறார். ஆனால் அமீரகத்தில் 2022 தொடக்கத்திலிருந்து அரசு வார விடுமுறையே சனி, ஞாயிறாகிவிட்டது, செந்தில் அந்த இடத்தில் சரியாகத்தான் பொய் சொல்லியிருக்கிறான். ஆதாரம் தப்பு, முடிவு சரி. இந்த மாமாவை வைத்து ஒரு நாவலே எழுதலாம்.

உடனே பிடித்தவர் என்ன செய்கிறார் என்பது அடுத்த கேள்வி. சீரியல் என்றால் பின்னணி இசையோடு முகத்தை மூன்று முறை காட்டுவார்கள். எழுத்தில் மௌனம்தான் நல்லது, மௌனத்துக்குப் பிறகு பாதி சம்பந்தமுள்ள ஒரு கேள்வி. மெழுகுவத்தி கேள்வி அப்படி வந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை, அவள் படி 1இன் நான்காவது பத்திக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். இனிமேல் அவள் கேட்கும் ஒவ்வொரு "சாப்பிட்டியா"வும் வேறு மாதிரி ஒலிக்கும்.

படி 8: சமாளிப்பு

சில கதைகளில் சொன்னவனுக்கு உடனே உறைக்கும், அப்போது ஒட்டுப்போடப் பார்ப்பான். ஒட்டு எப்போதும் கிழிசலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கேட்காத விளக்கம், வேண்டாத சாட்சி, திடீரென்று கூடும் அன்பு. மூணாறு ஆசாமி "நாங்கன்னா... நானும் டிரைவரும்" என்பான், டிரைவர் பெயரையும் சொல்வான், ஊரையும் சொல்வான், யாரும் கேட்கவே இல்லை.

மறைக்கும் முயற்சியே காட்டிக்கொடுப்பதை வள்ளுவர் ஊடல் பகுதியில் வேடிக்கையாகவே எழுதியிருக்கிறார். 1317ஆம் குறளில் அவன் தும்முகிறான், யார் நினைத்ததால் தும்மினீர் என்று அவள் அழுகிறாள். சரி, அடுத்த தடவை தும்மலை அடக்கிக்கொள்கிறான். 1318:

தும்முச் செறுப்ப அழுதாள் நுமருள்ளல்
எம்மை மறைத்திரோ என்று

உங்களவர் உங்களை நினைப்பதை எங்களிடம் மறைக்கிறீர்களா என்று அதற்கும் அழுகை. இத்தனைக்கும் அவனிடம் ரகசியம் எதுவும் இல்லை, பாவம். ரகசியமே இல்லாதவனுக்கு அடக்கிய தும்மல் இந்தப் பாடு படுத்தினால், நிஜமாகவே ஒன்றை வைத்திருப்பவனை நீங்கள் எவ்வளவு படுத்தலாம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 9: இவற்றைத் தவிருங்கள்

கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்பது. காய்ச்சலில் பிதற்றுவது. திறந்து கிடக்கும் டைரி. அறையில் யாருமில்லாதபோது தன் சதியைத் தானே உரக்கச் சொல்லிக்கொள்வது. குடித்துவிட்டு உளறுவதைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். குடித்தவன் உளறினால் அது சாராயத்தின் வேலை, அவன் செய்தது என்று எதுவும் இல்லை. ஆனால் குடித்தவனைத் தோளில் போட்டு வீட்டுக்குக் கூட்டி வரும் நண்பன், தெளிவாக இருப்பவன், வாசலில் நிற்கும் மனைவியைச் சமாதானப்படுத்தப் போய், "வழக்கமா இவ்வளவு குடிக்க மாட்டான் அண்ணி" என்று சொல்லிவிட்டால்? குடிப்பதே தெரியாத அந்த அண்ணி முதலில் அந்த 'வழக்கமா'வைத்தான் கேட்பாள்.

குழந்தையை வைத்து உடைப்பதும் எளிய வழி, நான் ஒரே ஒரு முறை செய்தேன், இன்னும் வெட்கமாக இருக்கிறது.

படி 10: சோதித்துப் பாருங்கள்

கதையை ஒருவரிடம் கொடுங்கள், ரகசியம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். படித்து முடித்ததும், "அம்மாவுக்கு எப்போ தெரிஞ்சது?" என்று மட்டும் கேளுங்கள். மெழுகுவத்தியில் என்றால் நல்லது. கரண்ட் போன வரியிலேயே என்றால் விதை கொஞ்சம் பெரிதாகிவிட்டது, சம்பந்தி காட்சியில் ஒரு வரியைக் குறையுங்கள். தெரியவே இல்லை என்றால் பயந்துபோய் விளக்கம் எழுதாதீர்கள். "அவளுக்குப் புரிந்தது" என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும், அதைத் தடுத்துவிட்டு, தெரிந்துகொண்ட பிறகு அவள் செய்யும் ஒரு காரியத்தைச் சேருங்கள்.

என் கதையில் நான் சேர்த்தது இது. பாக்கியம் நம்பரை ஒவ்வொரு எண்ணாக, இருட்டில் எழுதுகிறவனுக்குச் சொல்வது போல மெதுவாகச் சொல்கிறாள். மறுநாள் காலையில் கவிதா பால் கறக்கச் சொம்போடு பின்பக்கம் போகிறாள். கட்டுத்தறியில் கயிறு மட்டும் சுருட்டி வைத்திருக்கிறது.